ஹட் வீடு, வங்கிக் கடன், நடுவில் மாட்டிக்கொண்ட முதலீட்டாளர்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். அமெரிக்காவின் ஒஹையோவில், ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறை விற்கும் வீடுகளின் பட்டியலில் இருந்த ஒரு தனி வீட்டை வாடகைக்கு விடும் எண்ணத்தோடு 68,000 டாலருக்குக் கேட்டீர்கள். கிடைத்துவிட்டது. 1,000 டாலர் அட்வான்ஸும் கட்டிவிட்டீர்கள். கையில் 25 சதவீத டவுன் பேமென்ட், 760 கிரெடிட் ஸ்கோர், ஹெச்1பி விசாவில் நிலையான வேலை, சொந்த வீட்டில் சுமார் 1,20,000 டாலர் ஈக்விட்டி (வீட்டின் மதிப்பில் கடன் போக மிச்சம்) என்று எல்லாம் இருந்தும், மதிப்பீட்டு அறிக்கை வந்த மறுநாளே வங்கி கையை விரித்துவிட்டது. கிரயம் முடிக்க இன்னும் 19 நாட்கள்தான் இருக்கின்றன. “அரசாங்கமே விற்கும் வீட்டுக்குக் கடன் தர வங்கிக்கு என்ன தயக்கம்? நான் அடுத்து எந்த வங்கிக்குப் போவது?” என்று கேட்கிறீர்கள். அடுத்த வங்கிக்குப் போனாலும், அவர்கள் அனுப்பும் மதிப்பீட்டாளரும் வீட்டின் அதே பழுதைப் பார்த்து அதையேதான் எழுதுவார். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வீட்டை எந்த வகைப் பணத்தால் வாங்க முடியும் என்பதுதான்.

இந்த ஊரில் பதினான்கு வருடங்களாக வீட்டுக் கடன் கோப்புகளைப் பரிசீலிக்கும் வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் வாடகை வீடுகள்தான். நான் வழக்கறிஞரும் இல்லை, வரி ஆலோசகரும் இல்லை. உங்கள் மதிப்பீட்டு அறிக்கையையும் பார்க்கவில்லை. எனவே விதியாக எழுதி வைத்திருப்பதை உறுதியாகச் சொல்கிறேன். கடன் கொடுப்பவருக்குக் கொடுப்பவர் மாறுவதை, மாறும் என்று சொல்லியே எழுதுகிறேன்.

ஹட் வீடு என்பது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஹட்டின் கீழ் இயங்கும் எஃப்.ஹெச்.ஏ. என்ற அமைப்பு, வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கிக்கு ஈடு தருவதாகக் காப்பீடு செய்கிறது. அந்தக் காப்பீட்டோடு ஒருவர் கடன் வாங்குகிறார். தவணை கட்ட முடியாமல் போகிறது. வங்கி வீட்டை ஜப்தி செய்து, காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு, வீட்டை வீட்டுவசதித் துறையான ஹட்டின் கையில் ஒப்படைக்கிறது. ஹட்டுக்கு வீட்டு உரிமையாளராக இருக்க ஆசை எதுவும் இல்லை. ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் வீட்டைப் பூட்டி, தண்ணீரை நிறுத்தி, இணையத்தில் ஏலத்துக்கு விடுகிறது. முதல் சில வாரங்கள் குடியிருக்க வாங்குவோருக்கும், அனுமதி பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கும், உள்ளாட்சி அமைப்புகளுக்கும் மட்டும். அவர்கள் எடுக்காமல் மிச்சம் வருவதுதான் நம்மைப் போன்ற முதலீட்டாளர்களுக்கு. மிச்சம் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருக்கும் வீடு பெரும்பாலும் அந்த முதல் சுற்றிலேயே போய்விடும். உங்களிடம் வந்து சேர்ந்த வீட்டில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அந்த “ஏதோ ஒன்று” எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சி. சில வருடங்களுக்கு முன் கிளீவ்லாந்து பக்கத்தில் ஒரு ஹட் வீட்டுக்கான கோப்பு என் மேசைக்கு வந்தது. வெளியிலிருந்து எடுத்த படத்தில் வீடு அழகாக இருந்தது. உள்ளே கழிப்பறைக் கோப்பையின் மேல் ஒட்டுத்தாள், அதைத் தூக்கினால் அடியில் இளஞ்சிவப்புத் திரவம். குளிரில் குழாய் வெடிக்காமல் இருக்க ஊற்றும் உறைதடுப்பு அது. அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. அடுத்த படம் நிலவறை. உத்தரத்துக்கு அடியில் ஓட வேண்டிய செம்புக் குழாய்கள் இல்லை. சுவரிலிருந்து நான்கு அங்குலம் நீட்டிக்கொண்டு, வெட்டிய கரும்புத் தட்டையின் அடிக்கட்டைபோல வெறும் முனைகள். வீடு காலியாகக் கிடந்த மாதங்களில் யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மதிப்பீட்டாளர் தன் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தில் குறி போட்டிருந்தார்: பழுது சரிசெய்யப்படும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டே இந்த மதிப்பு. அந்த ஒரு குறியில் கடன் செத்துப்போயிற்று. வாங்கியவரின் கிரெடிட் ஸ்கோர் 790.

காரணம் இதுதான். நாம் சாதாரணமாக வங்கியில் வாங்கும் முதலீட்டுக் கடனை வங்கி தானே வைத்துக்கொள்வதில்லை. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் பெரு நிறுவனங்களான ஃபேனி மேயிடமோ ஃபிரெடி மேக்கிடமோ விற்றுவிடுகிறது. ஃபேனி மே வீட்டின் நிலையை சி1 முதல் சி6 வரை தரம் பிரிக்கச் சொல்கிறது. சி6 என்றால், குடியிருப்போரின் பாதுகாப்பையோ கட்டடத்தின் உறுதியையோ பாதிக்கும் குறை இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் கடனை அது வாங்காது. குறையைச் சரிசெய்து, மதிப்பீட்டாளர் மறுபடி வந்து பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே வாங்கும். சரி, சரிசெய்துவிடலாமே என்றால் ஹட் விடாது. உள்ளது உள்ளபடி விற்பதுதான் அதன் ஒப்பந்தம். தானும் செலவு செய்யாது, கிரயம் முடியும்வரை உங்களையும் உள்ளே போய்ச் சுத்தியல் பிடிக்க விடாது. மீறினால் ஒப்பந்தமே போய்விடும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே கதை. பழுது நீங்கினால்தான் பணம். பணம் கொடுத்துக் கிரயம் முடித்தால்தான் பழுதைத் தொடலாம். உங்கள் வங்கி உங்கள்மேல் சந்தேகப்படவில்லை. ஒரு தனி முதலீட்டு வீட்டுக்கு ஃபேனி மே கேட்பது 15 சதவீத டவுன் பேமென்ட்தான், நீங்கள் வைத்திருக்கும் 25 தாராளம். தேர்வில் தோற்றது வீடு.

“ஹட் வீடுதானே, ஹட்டின் எஃப்.ஹெச்.ஏ. கடனே கிடைக்காதா?” என்று பலர் கேட்பார்கள். பட்டியலில் “காப்பீடு உண்டு”, “காப்பீடு இல்லை” என்று வகை பிரித்திருப்பதைப் பார்த்து வரும் குழப்பம் இது. அந்தக் கடன் பெரும்பாலும் குடியிருக்க வாங்குவோருக்கானது. பழுதுச் செலவையும் சேர்த்துக் கொடுக்கும் 203கே திட்டத்தில் முதலீட்டாளர்களுக்கு 1996லேயே கதவை அடைத்துவிட்டார்கள். உங்கள் விசாவுக்கு அது இன்னொரு விதத்திலும் பொருந்தாது: 2025 மே 25 முதல் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு எஃப்.ஹெச்.ஏ. கடன் இல்லை. ஃபேனி மே வழியில் ஹெச்1பி ஒரு தடை இல்லை என்பதால் உங்களுக்கு இதனால் நட்டம் ஏதும் இல்லை. ஆனாலும் அந்த வகைப்பிரிவு முதலீட்டாளருக்கு ஒரு துப்பு. “காப்பீடு இல்லை” என்று போட்டிருந்தால், எஃப்.ஹெச்.ஏ.வின் குறைந்தபட்சத் தரத்துக்குக்கூட அந்த வீடு வரவில்லை என்று ஹட்டே சொல்கிறது. அதைப் படித்த பிறகும் சாதாரண வங்கிக் கடனை நம்பி ஏலம் கேட்டால், பஸ் நிற்காத இடத்தில் நின்று கை காட்டுவது போலத்தான். பட்டியலோடு வரும் நிலை அறிக்கையில் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை செய்தார்களா, காற்று தங்கியதா என்பதும் இருக்கும். தங்கவில்லை என்றால் எங்கோ ஓட்டை. அந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் தேடுவேன்.

“குடியிருப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்” என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த உறுதிமொழிப் படிவத்திலேயே 2,50,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை என்று அச்சிட்டிருக்கிறது. விசாவில் இருப்பவர் விளையாடும் இடம் இல்லை அது.

இன்னும் இரண்டு கண்ணிகளைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த முறைக்காவது உதவும். ஒன்று, யார் பெயரில் ஏலம் கேட்கிறீர்கள் என்பது. பாதுகாப்புக்காக எல்.எல்.சி. என்ற வரையறுத்த பொறுப்பு நிறுவனத்தின் பெயரில் கேட்பவர்கள் உண்டு. ஃபேனி மே கடன் தனிமனிதருக்குத்தான், நிறுவனத்துக்குக் கிடையாது. ஏலம் கிடைத்த பிறகு பெயரை மாற்றிக்கொள்ள ஹட் எளிதில் சம்மதிக்காது. கணவன் மனைவி பெயரைச் சேர்ப்பது தவிர மற்றதெல்லாம் பெரும்பாடு. இரண்டாவது, தொகையின் சிறுமை. 68,000 டாலர் வீட்டுக்கு 51,000 டாலர் கடன். ஐந்து லட்சம் டாலர் கடனுக்கு ஆகும் அதே காகித வேலை இதற்கும் ஆகும். வரும்படியோ பத்தில் ஒரு பங்கு. அதனால் பல நிறுவனங்கள் 75,000 அல்லது 1,00,000 டாலருக்குக் கீழே கடன் தருவதே இல்லை. விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள். டெட்ராய்ட், டோலிடோ, கிளீவ்லாந்து போன்ற இடங்களில் மலிவு வீடு தேடுபவர்கள் முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி, “உங்கள் குறைந்தபட்சக் கடன் எவ்வளவு?” என்பது.

இப்போது உங்கள் வழிகள். என்னைக் கேட்டால் முதல் இடம் உங்கள் சொந்த வீட்டின் ஈக்விட்டிக்கு. அதன்மேல் ஹீலாக் (ஈக்விட்டியை அடமானமாக வைத்து, வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் கடன்) எடுத்து, ஹட் வீட்டை ரொக்கமாக வாங்கிவிடுங்கள். ஹட்டைப் பொறுத்தவரை பணம் எங்கிருந்து வந்தது என்பது பொருட்டில்லை. மதிப்பீட்டாளர் நடுவில் வருவதில்லை. குழாய் இல்லாத வீடும் கிரயமாகிவிடும். சாவி கைக்கு வந்த மறுநாளே பிளம்பரை அழைக்கலாம். பழுது முடிந்த பிறகு, “தாமதக் கடன்” என்று இந்தத் தொழிலில் சொல்லும் வழியில் ஃபேனி மே கடன் எடுத்து ஹீலாக்கை அடைக்கலாம். பொதுவாக வீட்டிலிருந்து ரொக்கம் எடுக்கும் ரீஃபைனான்ஸுக்கு, அதாவது வீட்டை வைத்துப் புதிதாக எடுக்கும் மறுகடனுக்கு, பத்திரம் உங்கள் பெயரில் வந்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கியவருக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை என்பதுதான் இந்தச் சலுகை. கிரயத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் புதிய கடன் பட்டுவாடா ஆகிவிட வேண்டும், வாங்கிய பணத்துக்கு வங்கிக் கணக்கு ஆதாரம் வேண்டும், வரும் தொகை முதலில் ஹீலாக்கை அடைக்க வேண்டும்.

இதில் பலர் கணக்குத் தவறும் இடம் ஒன்று உண்டு. வாங்கிய விலை 68,000, கிரயச் செலவு 2,500, பழுதுக்கு 30,000, பழுது முடிந்ததும் வீட்டின் மதிப்பு 1,30,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு தனி முதலீட்டு வீட்டுக்கு இந்த வகைக் கடன் மதிப்பில் 75 சதவீதம் வரை, அதாவது 97,500 வரை போகலாம். ஆனால் தாமதக் கடனில் இன்னொரு உச்சவரம்பு இருக்கிறது: நீங்கள் வாங்கப் போட்ட தொகைக்கு மேல் எடுக்க முடியாது. புதிய கடனின் செலவைத் தவிர்த்துப் பார்த்தால் அது 70,500. பழுதுக்குப் போட்ட 30,000 அந்தக் கணக்கில் வராது. அது வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஆறு மாதம் கழித்துச் சாதாரண முறையில் ரீஃபைனான்ஸ் செய்தால் மேலே சொன்ன 97,500 வரை கேட்கலாம். ஆகவே ஹீலாக்கின் வட்டியை இன்னும் சில மாதம் தாங்க முடியும் என்றால் பொறுத்திருப்பது மேல், முடியாது என்றால் தாமதக் கடன். இதை உங்கள் வட்டி விகிதத்தை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எந்த வழியானாலும், முதலீட்டு வீட்டுக் கடனுக்கு ஆறு மாதத் தவணைக்கு ஈடான சேமிப்பைக் கணக்கில் காட்டச் சொல்வார்கள். கையிலிருப்பதையெல்லாம் பழுதுக்குக் கொட்டிவிடாதீர்கள்.

ஹீலாக் திறக்க இரண்டு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். 19 நாளில் முடியும் என்று நான் உறுதி தரமாட்டேன். அதற்குள் முடியாது என்று தெரிந்தால் அடுத்த வழி ஹார்ட் மணி, அதாவது தனியார் தரும் குறுகிய காலக் கடன். பெயரைக் கேட்டதும் மீட்டர் வட்டிக்காரர் நினைவுக்கு வந்தால் தவறில்லை, கொஞ்சம் அந்தச் சாயல் உண்டு. இவர்கள் ஆளைவிட வீட்டையும் பழுதுக்குப் பிந்தைய மதிப்பையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். அந்த மதிப்பில் 70 சதவீதத்துக்குள் கொள்முதலும் பழுதும் அடங்க வேண்டும் என்பது இந்த வட்டாரத்தின் வாய்க்கணக்கு. நான் பார்த்த கோப்புகளில் வட்டி 10 முதல் 13 சதவீதம், அதோடு முன்கட்டணமாக 2 அல்லது 3 சதவீதம், தவணைக் காலம் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். முழு 68,000த்தையும் 12 சதவீதத்தில் ஆறு மாதத்துக்கு வாங்கினால் வட்டி 4,080, இரண்டு சதவீத முன்கட்டணம் 1,360. ஆக 5,440 டாலர். வாடகை வீட்டின் ஆயுளுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆபத்து வேறு இடத்தில்: ஆறாவது மாதம் முடியும்போது வேலை முடியாமல் நின்றால், ரீஃபைனான்ஸுக்கு வரும் மதிப்பீட்டாளர் மறுபடி அதே கட்டத்தில் குறி போடுவார். அதனால் இந்தப் பணத்தை வாங்கும் முன்பே, இதை அடைக்கப் போகும் இரண்டாவது கடனுக்கு ஒரு வங்கியிடம் பேசி, எழுத்தில் ஒரு முன்னனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஃபேனி மேயின் ஹோம்ஸ்டைல் கடன். கொள்முதலையும் பழுதையும் ஒரே கடனில் சேர்த்து, பழுது முடிந்தபின் வரப்போகும் மதிப்பை வைத்துக் கொடுப்பார்கள். ஒரு குடும்பத் தனி வீடாக இருந்தால் முதலீட்டாளருக்கும் உண்டு. காகிதத்தில் உங்களுக்கென்றே செய்தது போல இருக்கும். நடைமுறையில், ஒப்பந்தக்காரரின் விவரமான மதிப்பீடு, அவருடைய உரிமம், காப்பீடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கிரயத்துக்கு வர, நான் பார்த்தவரை இரண்டு மாதத்துக்குக் குறைந்ததில்லை. பூட்டிக் கிடக்கும் ஹட் வீட்டுக்குள் ஒப்பந்தக்காரரை அழைத்துப்போக ஒவ்வொரு முறையும் புரோக்கர் வர வேண்டும். இதைச் செய்யும் நிறுவனங்களும் குறைவு. இந்த வீட்டுக்கு இது எட்டாது. அடுத்த வீட்டுக்கு ஏலம் கேட்கும் முன்பே தொடங்கினால் எட்டும்.

உள்ளூர்ச் சிறு வங்கிகளையும் கிரெடிட் யூனியன்களையும் விட்டுவிடாதீர்கள். கடனை விற்காமல் தாங்களே வைத்துக்கொள்பவர்கள் சி6 வீட்டுக்கும் சில சமயம் சம்மதிப்பார்கள். அதற்கு விதி கிடையாது, மேலாளரின் மனம்தான் விதி. அந்தத் தெருவைத் தெரிந்த மேலாளர் அமைந்தால் அதிர்ஷ்டம்.

படைவீரர் நலத்துறை ஜப்தியில் பெற்று விற்கும் வீடுகளின் கதை வேறு. அவற்றுக்கு “வென்டீ” என்று விற்பவரே தரும் ஒரு கடன் இருந்துவருகிறது. முன்னாள் படைவீரராக இருக்க வேண்டியதில்லை, முதலீட்டாளரும் கேட்கலாம். ஒவ்வொரு வீட்டின் பட்டியலிலும் அது உண்டா என்று குறிப்பிட்டிருப்பார்கள். ஹட்டில் இதற்கு இணையானது கிடையாது. அரசு வீடு என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசும் காணொளிகளால்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள்.

காப்பீட்டை இன்றைக்கே விசாரியுங்கள். காலி வீடு, தண்ணீர் இல்லை, வேலை நடக்கப்போகிறது என்றால் சாதாரண வீட்டுக் காப்பீடு செல்லாது. காலி வீட்டுக்கான பாலிசியோ கட்டுமானக் காலப் பாலிசியோ வேண்டும். விலை கூடுதல், கிடைக்க நாளும் ஆகும். கிரயத்துக்கு முந்தைய நாள் மாலை இதைத் தேடி ஓடியவர்களை நான் அறிவேன். வாடகை எண்ணத்தை மாற்றிப் பழுது பார்த்து உடனே விற்கலாம் என்று தோன்றினால், நீங்கள் வாங்கி 90 நாளைக்குள் எஃப்.ஹெச்.ஏ. கடனில் வாங்கும் ஒருவருக்கு விற்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹட் உங்களுக்கு விற்கும்போது அந்த விதியிலிருந்து அதற்கு விலக்கு உண்டு, நீங்கள் விற்கும்போது உங்களுக்கு இல்லை. தவிர, வாங்கி விற்பதை ஹெச்1பியில் இருந்துகொண்டு செய்யலாமா என்பது குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதில் நான் வாய் திறப்பதில்லை.

19 நாளில் என்ன செய்வது? நாளைக் காலை வங்கியில் உங்கள் கோப்பைப் பரிசீலித்த அண்டர்ரைட்டரிடமிருந்து மறுப்புக்கான காரணங்களை ஒவ்வொன்றாக எழுத்தில் வாங்குங்கள். “வீட்டின் நிலை” என்ற பொதுப் பதிலை ஏற்காதீர்கள். அன்றே ஹீலாக்குக்கு விண்ணப்பியுங்கள், அன்றே இரண்டு ஹார்ட் மணி நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். ஒப்பந்தத்தில் வங்கிக் கடன் என்று எழுதியிருந்ததை ரொக்கம் என்று மாற்றுவதானால் புரோக்கர் மூலம் ஹட்டின் ஒப்பந்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கால நீட்டிப்பு வேண்டுமானால் கெடு முடியும் முன்பே, கடன் கொடுப்பவரின் கடிதத்தோடு கேட்க வேண்டும். உங்கள் விலைக்கு நாளுக்கு 25 டாலர் என்பது வழக்கமான கட்டணம், 15 நாளுக்கு 375. தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். எதுவும் கூடிவரவில்லை என்றால் முதலீட்டாளரின் அட்வான்ஸ் முழுவதும் போகும், கடன் மறுக்கப்பட்டது என்பது அங்கே சாக்காகாது. ஆனாலும் 1,000 டாலரைக் காப்பாற்ற அவசரத்தில் 13 சதவீத வட்டிக்குத் தலையைக் கொடுத்து, பழுதுச் செலவு 30,000மா 55,000மா என்று தெரியாமல் உள்ளே இறங்குவதைவிட அந்த ஆயிரத்தை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

அண்டர்ரைட்டரின் பட்டியல் வந்ததும் இங்கே எழுதுங்கள். அதில் குழாயும் ஃபர்னஸும் (வீட்டைச் சூடாக்கும் உலை) மட்டும் இருந்தால் மேலே சொன்னதில் எதையும் மாற்றமாட்டேன். அடித்தளச் சுவர் உள்ளே வளைகிறது என்று ஒரு வரி இருந்தால், ஹீலாக் தயாராக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.